விரல் ரேகையில் பாடப்பிரிவைத் தேடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று பெற்றோர் அலைபாயும் இந்நாட்களில், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் நாளிதழின் நடுவே மடித்து வைக்கப்பட்டு வீட்டுக்கு வரும் துண்டறிக்கைகள் பலவும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. குழந்தையின் பத்து விரல் ரேகைகளையும் கருவியில் பதிவு செய்து கொடுத்தால், அதன் மூளை எத்தகையது, முதல் குரூப் பொருந்துமா வணிகவியல் பொருந்துமா, எந்தத் தொழிலில் முன்னுக்கு வரும் என்பதையெல்லாம் வண்ண அச்சில் அறிக்கையாகத் தருவார்களாம். கட்டணம் சில ஆயிரம் ரூபாய். சில தனியார் பள்ளிகள் இதற்குத் தம் வளாகத்திலேயே இடம் கொடுப்பதோடு, பெற்றோர் கூட்டத்தில் பரிந்துரையும் செய்கின்றன. ஆசிரியர் கல்வியியல் கல்லூரியில் உளவியலும் அளவீடும் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒரு சோதனையைச் சோதனை என்று ஏற்பதற்கு முன் பெற்றோரும் பள்ளிகளும் கேட்க வேண்டியவை எவை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

உளவியல் சோதனை எதுவாயினும், அது ஒரு மனிதரின் நடத்தையிலிருந்து எடுக்கப்படும் சிறு மாதிரிதான். எல்லோருக்கும் ஒரே வகையான வினாக்களை, ஒரே வகையான அறிவுறுத்தலோடு, ஒரே கால அளவில் கொடுத்து, ஒரே விதியின்படி மதிப்பெண் இட்டு, அம்மதிப்பெண்ணை ஒரு பெரிய குழுவின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அந்த மாதிரியை வைத்துக்கொண்டு நாம் காணாத ஏதோ ஒன்றை, அதாவது நாளைக்கு அந்தக் குழந்தை வகுப்பில் எப்படிக் கற்கும், எந்த வேலையில் நிலைக்கும் என்பதை ஊகிக்கிறோம். ஆகவே மாதிரி சீரானதா என்பதும், அதிலிருந்து செய்யும் ஊகம் சரியானதா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் இந்த வணிகமே நடக்கிறது.

திருப்பூரில் பனியன் துணியோடு பழகியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வட்டக் கட்டரை வைத்து அழுத்தி 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடுத்து, தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் அத்துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கான கிராம் எடை, கிடைத்துவிடும். ரோலில் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று வெட்டிப் பார்த்து எடை ஒத்துவந்தால் அந்த எண்ணை நம்பலாம். இதைத்தான் அளவீட்டியலில் நம்பகத்தன்மை என்கிறோம். ஆனால் எத்தனை இடத்தில் வெட்டினாலும் 180 என்றே வருகிறது என்பதற்காக, அத்துணி சலவையில் சாயம் விடாது என்று ஏற்றுமதி ஆர்டரைக் கவனிக்கும் எந்த மெர்ச்சண்டைசரும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்கமாட்டார். சாயத்துக்குத் தனிச் சோதனை உண்டு. எந்த நோக்கத்துக்காக அளக்கிறோமோ அந்த நோக்கத்துக்கு இந்த அளவு உதவும் என்பதற்கான சான்றைத்தான் ஏற்புடைமை என்கிறோம். நம்பகத்தன்மை இல்லாமல் ஏற்புடைமை இல்லை. ஆனால் நம்பகத்தன்மை இருந்துவிட்டால் மட்டும் ஏற்புடைமை வந்துவிடாது.

ரேகைச் சோதனையை விற்பவர்கள் முன்வைக்கும் முதல் வாதமே, ‘ரேகை வாழ்நாள் முழுதும் மாறாது, ஆகவே எங்கள் முடிவும் மாறாது’ என்பது. ரேகை மாறாது என்பது முழு உண்மை. இன்னார் யார் என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல அடையாளம் குறைவு. உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில்தான் தொடங்கப்பட்டது. ஆனால் இன்னார் யார் என்பது வேறு, இன்னார் எப்படிப்பட்டவர் என்பது வேறு. மாறாத ஒன்றை மறுபடி மறுபடி அளந்து ஒரே விடையைப் பெறுவதில் வியப்பொன்றும் இல்லை. அந்த விடைக்கும் குழந்தையின் கணிதத் திறனுக்கும் என்ன உறவு என்பதே கேள்வி. அதற்கு அவர்கள் சொல்லும் விடை, கருவில் தோலின் மேலடுக்கும் மூளையும் ஒரே புறப்படையிலிருந்து (கருவின் வெளி அடுக்கிலிருந்து) உருவாகின்றன என்பது. அதுவும் உண்மைதான். தலைமுடியும் நகமும் பல்லின் எனாமலும்கூட அதே புறப்படையிலிருந்துதான் உருவாகின்றன. பல்லைப் பார்த்துப் பாடப்பிரிவு சொல்ல இதுவரை யாரும் கடை திறக்கவில்லை. டவுன் நோய்க்குறி போன்ற சில குரோமோசோம் நிலைகளில் உள்ளங்கை, விரல் ரேகை அமைப்புகள் மாறுபட்டுக் காணப்படுவதை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. அதிலிருந்து, எல்லாக் குழந்தைகளின் ரேகையும் அவர்களது வணிகவியல் ஆர்வத்தைக் காட்டும் என்ற முடிவுக்குத் தாவுவதற்கு வழியே இல்லை. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் இச்சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

இதில் வரலாற்றின் வேடிக்கை ஒன்றும் உண்டு. விரல் ரேகைகளைப் பற்றி 1892இல் முதல் விரிவான நூலை எழுதிய ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டனே, ரேகையில் மனிதரின் இனமும் குணமும் தெரியும் என்று பெரிதும் எதிர்பார்த்தவர். தேடிப் பார்த்துவிட்டு, அந்த எதிர்பார்ப்பு பொய்த்துவிட்டது என்று அவரே எழுதினார். மனத்திறனை அளக்கும் முயற்சிக்கும் அவர்தான் முன்னோடி. 1884இல் லண்டன் கண்காட்சியொன்றில் கூடம் அமைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, வந்தவர்களின் பிடிவலிமை, செவிக்கூர்மை, எதிர்வினை வேகம் ஆகியவற்றை அளந்து கொடுத்தார். அவ்வழியில் அமெரிக்காவில் ஜேம்ஸ் மெக்கீன் கட்டல் தொகுத்த சோதனைகளைக் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி, 1901இல் கிளார்க் விஸ்லர் கணக்கிட்டுப் பார்த்தபோது, எதிர்வினை வேகத்துக்கும் மாணவர்கள் பாடங்களில் பெற்ற தரத்துக்கும் இடையேயான ஒட்டுறவு (ஒன்று கூடும்போது மற்றொன்றும் கூடுகிறதா என்று காட்டும் எண்) ஏறத்தாழப் பூஜ்யமாக இருந்தது. கருவிகள் துல்லியமானவைதாம், ஆனால் எதைச் சொல்லும் என்று நம்பினார்களோ அதைச் சொல்லவில்லை. அத்தோடு அந்த வழி கைவிடப்பட்டது. 1905இல் பிரான்சில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் விரல் நுனியின் உணர்ச்சியை விட்டுவிட்டு, புரிந்துகொள்ளுதல், தீர்மானித்தல், நினைவில் வைத்தல் போன்றவற்றைக் கேட்கும் 30 உருப்படிகளை அமைத்த பிறகே, பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளை ஓரளவு இனம் காண முடிந்தது. நூறாண்டுகளுக்கு முன்னரே எண்கள் தீர்த்துவைத்த ஒரு வழக்கை இன்று பளபளப்பான தாளில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்த அறிக்கையைப் பார்க்கக் கிடைத்தது. அட்டையில் மூளைப் படம். ஒவ்வொரு மடலுக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விரல். உள்ளே எட்டு வகை நுண்ணறிவுகளுக்கும் எதிரே 13.42 விழுக்காடு, 11.87 விழுக்காடு என்று இரண்டு தசம இடங்கள் வரை எண்கள். அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கொள்கையிலிருந்து பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்; அந்தக் கொள்கை ரேகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் சரியாக நூறு வருகிறது. பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. எட்டுக்கும் சேர்த்து நூறைப் பங்கிட்டுக் கொடுத்தால், ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே ஆக வேண்டும். எட்டிலும் மிகச் சிறந்த குழந்தைக்கும் எட்டிலும் பின்தங்கிய குழந்தைக்கும் தலா 12.5 விழுக்காடுதான் கிடைக்கும். இத்தகைய எண், ஒரே குழந்தைக்குள் எது மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்த உதவலாம். அதற்கும் தனியே சான்று வேண்டும். ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிட அது சற்றும் உதவாது. ஆனால் அந்த அறிக்கையின் கடைசிப் பக்கங்களோ ‘இசையில் உங்கள் குழந்தை சராசரிக்கு மேல்’ என்கின்றன. யாருடைய சராசரி என்று எங்கும் இல்லை.

அந்த வீட்டுத் தாயார், ‘அப்படியே எங்க பையனைப் பக்கத்துல உக்காந்து பாத்து எழுதுன மாதிரி இருக்குதுங்க சார்’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனையை நடத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கக் குறிப்பு கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அதன் பிறகே, எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே குறிப்பு என்பதும், அதன் வாசகங்கள் கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்பதும் தெரிந்தன. 1949இல் வெளியான அந்த ஆய்வு, படித்தவருக்குப் பொருத்தமாகத் தோன்றுவது சோதனையின் ஏற்புடைமைக்குச் சான்றாகாது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. ‘உங்கள் குழந்தைக்குத் திறமை இருக்கிறது, ஆனால் கவனம் சிதறுகிறது’ என்று எழுதினால் மறுக்கும் பெற்றோர் கொங்கு நாட்டில் மட்டுமல்ல, எங்குமே இருக்கமாட்டார்கள்.

இவ்வளவு எழுதிய பின், முறையான சோதனைகளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று யாரும் கொள்ளக் கூடாது என்பதால் அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல சோதனையிலும் பிழை உண்டு. தன் பிழை எவ்வளவு என்று தானே சொல்வதுதான் நல்ல சோதனைக்கு அடையாளம். நாம் பெறும் மதிப்பெண்ணில் உண்மையான திறனும் தற்செயலான பிழையும் கலந்தே இருக்கின்றன என்ற கருத்துக்கு 1904ஆம் ஆண்டிலேயே சார்லஸ் ஸ்பியர்மன் கணித அடித்தளம் இட்டார். அன்று காலை குழந்தை சாப்பிடாமல் வந்திருக்கலாம். தேர்வறைக்குப் பக்கத்தில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கலாம். சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) 15, நம்பகத்தன்மைக் குணகம் (ஒன்றை நெருங்க நெருங்கச் சோதனை சீரானது) 0.91 உள்ள ஒரு நுண்ணறிவுச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து 0.91ஐக் கழித்தால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, அதைப் பதினைந்தால் பெருக்க 4.5. இதுவே அளவீட்டின் திட்டப்பிழை. அதன் ஏறத்தாழ இரு மடங்கை இருபுறமும் விட்டுப் பார்த்தால், 108 என்று எழுதப்பட்ட குழந்தையின் உண்மை நிலை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்ற உறுதியளவில், 99க்கும் 117க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். 103 பெற்ற பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட இக்குழந்தை அறிவாளி என்று அந்த ஐந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. எண்ணை மட்டும் கொடுத்து எல்லையைக் கொடுக்காத அறிக்கை, சோதனை எவ்வளவு உயர்ந்ததாயினும், அரைகுறை அறிக்கையே.

எண்ணின் பொருளும் பெற்றோருக்கு விளக்கப்படுவதில்லை. 85 என்று பார்த்துவிட்டு, ‘நூத்துக்கு எண்பத்தஞ்சு வாங்கியிருக்கிறானே’ என்று மகிழ்ந்தவர்களை அறிவேன். அது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் அல்ல. அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரை நிறுத்தினால் ஏறத்தாழப் பதினாறு பேர் அவனுக்குக் கீழே இருப்பார்கள் என்பதே அதன் பொருள். 140 பெற்றவர் 70 பெற்றவரைப் போல இரு மடங்கு அறிவுள்ளவரும் அல்லர். எடைக்கும் நீளத்துக்கும் உள்ளதுபோல் இந்த அளவுகோலில் உண்மையான பூஜ்யம் கிடையாது.

இதைவிடப் பெரிய சிக்கல், யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் ஏறத்தாழப் பதினேழு லட்சம் பேருக்கு நடத்திய நுண்ணறிவுச் சோதனையில், ‘கிறிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா’ என்றொரு வினா இருந்தது. அது அந்நாட்டுக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பின் பெயர். அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பியக் குடியேறிக்கு அது எப்படித் தெரியும்? தெரியாதவர்களுக்கு அறிவு குறைவு என்று முடிவு கட்டினார்கள். நானும் மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்த காலத்துக் கவலை, சால், வடம், நுகத்தடி என்று கேட்டு ஒரு சோதனை அமைத்தால், கோவை நகரத்து ஆர்.எஸ்.புரத்துக் குழந்தைகள் அனைவரையும் மந்தபுத்தி என்று நிறுவிவிடலாம்.

நம் மாவட்டங்களில் இது விளையாட்டான செய்தி அல்ல. தாளவாடி மலைப்பகுதியில் வீட்டில் கன்னடம் பேசிப் பள்ளியில் தமிழ் கற்கும் குழந்தைகள் உண்டு. திருப்பூர்ப் பள்ளிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பனியன் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். இவர்களுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ சொற்களால் அமைந்த சோதனையைக் கொடுத்தால், மொழி தெரியாததும் திறன் இல்லாததும் ஒரே எண்ணில் கலந்துவிடும். பின்னர் அவற்றைப் பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் முடியாது. இந்த இடர்ப்பாட்டை உணர்ந்தவர்கள் நம் நாட்டிலும் இருந்தார்கள். தார்வாரில் வி.வி.காமத் 1930களில் பினே சோதனையைக் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காகத் தழுவி அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பயன்படும் வகையில், கட்டைகளை அடுக்குதல், வடிவம் வரைதல் போன்ற செயல்களால் ஆன தொகுதியை சி.எம்.பாட்டியா உத்தரப் பிரதேசச் சிறுவர்களைக் கொண்டு தரப்படுத்தி 1955இல் வெளியிட்டார். மதிக்கத்தக்க உழைப்பு. ஆனால் அந்த நியமங்கள், அதாவது ஒப்பிடுவதற்கென்று வகுத்த குழு மதிப்பெண்கள், அந்தக் காலத்தின், அந்த ஊர்களின் நியமங்கள். அவற்றை வைத்து இன்றைய கோபிச்செட்டிபாளையத்துக் குழந்தைக்கு எண் கொடுப்பது எந்த அளவுக்குச் சரி என்பதைச் சோதனை நடத்துபவர் அறிக்கையில் எழுத வேண்டும்.

பழைய நியமம் வெறும் சம்பிரதாயக் குறை அல்ல, அது எண்ணையே நகர்த்திவிடும். அமெரிக்காவில் தலைமுறைதோறும் சராசரி மதிப்பெண் உயர்ந்துவந்ததை 1984இல் ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக்காட்டினார். பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளிகள். அத்தகைய உயர்வு உள்ள இடத்தில், பல பத்தாண்டுகளுக்கு முன் வகுத்த நியமத்தோடு ஒப்பிட்டால் இன்றைய குழந்தைக்கு உள்ளதைவிடக் கூடுதலான எண் கிடைக்கும். கேட்க இனிப்பாக இருக்கலாம். ஆனால் தனிக் கற்பித்தலோ, தேர்வில் கூடுதல் நேரமோ, மாற்றுத்திறன் சான்றிதழோ தேவைப்படும் குழந்தை அந்தக் கூடுதல் புள்ளிகளால், உதவிக்கென வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால், கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமலே போகும். அந்தக் கோட்டருகே நிற்கும் குழந்தைக்கு எண்ணோடு அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்பது இதனால்தான். அதைச் செய்யும் மருத்துவ உளவியலாளர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டாம்.

பள்ளித் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வளாகத்தில் எந்தச் சோதனையை அனுமதிப்பதாயினும், அதன் கையேட்டை முதலில் கேட்டு வாங்குங்கள். வினாக்கள் வெளியானால் சோதனையே கெட்டுவிடும் என்பதால் வினாத்தாளைக் காட்ட மறுப்பது நியாயம். கையேட்டை மறைக்க எந்த நியாயமும் இல்லை. எந்த ஆண்டில், எந்த மொழி பேசும், எந்த வயதுக் குழந்தைகள் எத்தனை பேரைக் கொண்டு நியமம் வகுக்கப்பட்டது, நம்பகத்தன்மைக் குணகம் என்ன, பாடப்பிரிவு தேர்வுக்குப் பயன்படும் என்றால் அப்படித் தேர்ந்தெடுத்த மாணவர்கள் பின்னர் அப்பாடத்தில் எப்படிப் படித்தார்கள் என்பதற்கான ஆய்வு எங்கே, அதை விற்பவரைத் தவிர வேறு யாரேனும் செய்திருக்கிறார்களா என்பவை அதில் இருக்க வேண்டும். ‘பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்’ என்பது விடை ஆகாது. குழந்தையின் பத்து விரல் ரேகைகளும் எந்தக் கணினியில், எவ்வளவு காலம் வைக்கப்படும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். கடவுச்சொல்லை மாற்றலாம், ரேகையை மாற்ற முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. கூட்டத்தில் கை தூக்கச் சொல்வது அத்தகைய ஒப்புதல் ஆகாது.

எந்தப் பிரிவு என்று உண்மையாகவே குழம்பி நிற்கும் பெற்றோருக்கு, ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காக மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் என்.சி.இ.ஆர்.டி.யும் உருவாக்கிய ‘தமன்னா’ என்ற நாட்டச் சோதனை (இயல்பான திறன்களை அளக்கும் சோதனை) இருக்கிறது. மொழி, எண், இடவுணர்வு முதலான ஏழு கூறுகளைத் தனித்தனியே அளக்கும் அதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை; அதன் முடிவை வைத்து மாணவர் மீது பாடத்தைத் திணிக்கும் நோக்கமும் இல்லை. அதுகூட வேண்டாம் என்றால், கடந்த மூன்று ஆண்டுகளில் கணக்கிலும் அறிவியலிலும் மொழியிலும் குழந்தை வாங்கிய மதிப்பெண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வகுப்பாசிரியரோடும் குழந்தையோடும் உட்கார்ந்து பேசுங்கள். பல தேர்வுகளில், பல மாதங்களில், பல ஆசிரியர்கள் திருத்திக் கிடைத்த அந்த எண்களுக்குப் பத்து நிமிடத்தில் எடுத்த ரேகைப் படத்தைவிட நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் கூடுதல். அதற்குக் கட்டணமும் இல்லை.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளிதழோடு சேர்ந்து வரும் துண்டறிக்கைகளுக்கு நாளிதழ் பொறுப்பாகாது என்பதை அறிவேன். ஆயினும் கல்விப் பக்கத்தில் இத்தகைய நிறுவனங்களின் விளம்பரங்களை ஏற்கும்போது, மேலே சொன்ன கையேட்டுப் பக்கங்களைக் கேட்டுப் பார்த்த பிறகே வெளியிடுமாறு தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்வியியல் விரிவுரையாளர்,
கோபிச்செட்டிபாளையம்.